காப்புக் கட்டிய சுவிட்ச்

திருநெல்வேலிச் சீமையில் கல்யாண மைக்குக்கு மானம் மரியாதை வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் பந்தி அண்ணாச்சிதான். அவர் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து மைக் இருமும், விசிலடிக்கும், ஓதுவார் வாயைத் திறந்ததும் அது வாயை மூடிக்கொள்ளும். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜராகப் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். நாயனக்காரர், சமையல் செய்கிற தவசிப்பிள்ளை, பந்தல்காரர், வீடியோக்காரர் என்று எத்தனையோ வித்தைக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நிற்க அவர்களில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை. இது என் கருத்து மட்டுமல்ல, அண்ணாச்சியின் கருத்தும் இதுவேதான். அடக்கம் என்ற சாமானை அவர் வாங்கியதே கிடையாது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். தோஹாவில் பெரிய பெரிய ஓட்டல்களின் விழாக் கூடங்களில் மைக்கும் கேமராவும் திரையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி செய்து சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை சுருட்டிய சட்டை. தச்சர் பென்சில் செருகுகிற இடத்தில், அதாவது காது மடலில், சின்னதாக ஒரு ஸ்க்ரூ டிரைவர். நாற்காலியில் உட்கார மாட்டார். சுவிட்ச் இருக்கிற இரும்பு அலமாரிக்கு முன்னால் பத்தமடைப் பாயை விரித்துச் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டால், பூஜையில் இருக்கிறவரைக் கூப்பிடத் தயங்குகிற மாதிரி எங்களுக்குத் தயக்கமாக இருக்கும்.

சுவிட்ச் என்றதும் லைட் போடுகிற சுவிட்சை நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் ஓதுவார் பாடுகிற சத்தம், கேமரா எடுக்கிற படம், சாப்பாட்டுக் கூடத்து டிவிக்குப் போகிற காட்சி, சிங்கப்பூர் சித்தப்பாவுக்குப் போகிற நேரலை, வந்தவர்களின் போனுக்கு வைஃபை எல்லாமே ஒரே மாதிரியான கேபிளில்தான் ஓடுகின்றன. அத்தனை கேபிளும் வந்து சேருகிற தட்டையான தகரப் பெட்டிக்குத்தான் சுவிட்ச் என்று பெயர். சாதா சுவிட்ச் யார் வந்தாலும் வந்தபடியே தள்ளிவிடும். கொஞ்சம் ஒசத்தியான மேனேஜ்டு சுவிட்ச் நாம் சொல்கிற பேச்சைக் கேட்கும். யாரை முதலில் விடுவது, யாரை நிறுத்திவைப்பது என்று அதற்கு உத்தரவு போடலாம். உத்தரவு போடத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் அண்ணாச்சி கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலாளி எந்தச் சாமானையும் 'இது இல்லாமல் நடக்காதா' என்று கேட்டுவிட்டுத்தான் பார்ப்பார்.

"மொதலாளி, கல்யாண வீட்டுல பந்தி எப்படிப் போடுதிய? வந்தவுக எல்லாரையும் ஒண்ணா உள்ள விட்டுருவியளா?"

"அதெப்படி விடுவோம்?"

"மாப்பிள வீட்டுக்காரங்க மொதப் பந்தி. தூரத்து ஆளுக அடுத்த பந்தி. நாமெல்லாம் கடைசி. இங்கனயும் அதே கணக்குதான். சத்தத்துக்கு மொதப் பந்தி. கேமராப் படத்துக்கு ரெண்டாம் பந்தி. வெளியூருலேருந்து வாரது, வெளியூருக்குப் போறது எல்லாம் மூணாம் பந்தி. ஓசி வைஃபைக்கு அலையுதவன் கடைசிப் பந்தி. எல மிச்சமிருந்தா ஒக்காரட்டும்."

"ஏன், படத்துக்கு மொதப் பந்தி கொடுத்தா என்ன?"

அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மொதலாளி, படம் ஒரு நிமிசம் நின்னா பாக்குதவன் கண்ணைக் கசக்கிக்கிட்டுச் சும்மா இருந்துருவான். சத்தம் ஒரு நொடி நின்னாப் போதும், 'ஏலே மைக்கு எவம்லே'ன்னு ஊரே எந்திரிச்சிரும். சத்தம்தான் மாப்பிள. படமெல்லாம் கூட வந்த ஆளு."

முதலாளி வாங்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே பெயரும் நிலைத்துவிட்டது. ஒப்பந்தப் பத்திரத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

பந்தியை வைத்து அவரால் விளக்க முடியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. ஒரே சுவிட்சுக்குள் சத்தத்துக்கு ஒரு தடம், படத்துக்கு ஒரு தடம், வைஃபைக்கு ஒரு தடம் என்று சுவர் எழுப்பிப் பிரித்துவைப்பார். "அடுப்படி ஒண்ணுதான் வே. கூடம்தான் தனித்தனி. ஒரு கூடத்துச் சண்டை அடுத்த கூடத்துக்குக் கேக்கக் கூடாது" என்பார். சுவிட்சில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வசதி உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அது கொஞ்சம் கண் அசரும். இதைக் கேள்விப்பட்டதும் முதலாளிக்கு அந்தப் பெட்டியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. அதைப் போட்டே ஆக வேண்டும் என்றார். போட்ட அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தத்தில் மைக் நடுநடுவே டப் டப் என்று வெடித்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாளி அறைக்கே போய்விட்டார். "பரிமாறுதவன் தூங்கித் தூங்கி முழிச்சா எலையில சோறு எப்படி விழும்? கரண்டு பில்லக் கொறைக்கணும்னா வாசல்ல எரியுத சீரியல் பல்ப அணைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வாசல் பல்பும் எரிந்தது, சுவிட்சும் அதற்குப் பிறகு தூங்கவில்லை.

ஏரல் பக்கம் ஒரு மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்து டிவி கொஞ்ச நேரம் ஓடும், பிறகு கறுத்துப் போகும். டிவியை மாற்றினார்கள். கேபிளை மாற்றினார்கள். கண்ணேறு என்று பூசணிக்காயும் உடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணாச்சிக்கு ஆள் விட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பாயை விரித்தார், லேப்டாப்பைத் திறந்தார், தாடையைச் சொறிந்தார்.

"மேனேஜரே, இங்கன பாயாசம் வேணுமான்னு கேக்க ஆள் இல்ல வே."

மண்டபத்துக்காரர் குழம்பிப் போய், "பாயாசம் ரெண்டு தினுசு போட்டோமே அண்ணாச்சி" என்றார்.

"நீரு சும்மா இரும். இந்தப் படம் இருக்குல்லா, இது பாயாச வாளி. கட்டுப்பாடு இல்லன்னா கேட்டவன் கேக்காதவன் எல்லாரு எலையிலயும் ஊத்திக்கிட்டே போவும், கூடமே வழுக்கும். அதனால கேட்டவன் எலைக்கு மட்டும் ஊத்துன்னு எவனோ உத்தரவு போட்டுருக்கான். நல்ல உத்தரவு. ஆனா இடைக்கிட ஒருத்தன் வரிசையில நடந்து 'வேணுமா, வேணுமா'ன்னு கேக்கணும்லா? அந்த ஆளப் போடல. யாரும் கேக்கலன்னு வாளிக்காரன் திரும்பிப் போயிருதான். டிவி கறுக்காம என்ன செய்யும்?"

என்னவோ தட்டினார். அந்த டிவி பிறகு கறுக்கவில்லை. மண்டபத்துக்காரர் கும்பிட்டார். அண்ணாச்சி அந்தக் கும்பிடை, வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்ற முகத்தோடு வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம்விட எங்களுக்கு வேடிக்கை அவர் கட்டுகிற காப்பு. எங்கள் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் கொடை முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணாச்சி சுவிட்சுக்கே காப்புக் கட்டுவார். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் சரிபார்த்துச் சேமித்துவிட்டு, இரும்பு அலமாரியின் கைப்பிடியில் மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைக் கட்டுவார். அதற்குப் பிறகு முகூர்த்தம் முடிகிற வரை அதற்குள் யார் கையும் போகக் கூடாது. "ஓடிக்கிட்டிருக்க பந்தியில எலைய மாத்துதவன் உருப்பட மாட்டான்" என்பது அவருடைய சட்டம். ஒருமுறை முதலாளியே கிரிக்கெட் மேட்சைப் பெரிய திரையில் போட ஆசைப்பட்டு ஒரு ஒயரோடு வந்தார். அண்ணாச்சி பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. "மொதலாளி, காப்பு" என்றார், அவ்வளவுதான். முதலாளி ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவில் கல்யாண மேளம் போனால்கூட மண்டபத்துக்குள் இழுத்து வாடகை வாங்கிவிடுகிற அந்த மனிதர் ஒரு மஞ்சள் கயிற்றுக்குப் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இனி என் அக்கா மகள் கோமதியின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

கோமதிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கெட்டிக்காரப் பெண். பேனர் அச்சடிக்கிற கடையில் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிற வேலை. மாப்பிள்ளை அவளோடு படித்தவர், அவருக்கும் காது கேட்காது. எங்கள் வீட்டில் கையால் பேசத் தெரிந்தவன் ஒரே ஆள்தான், அவளுடைய அண்ணன் சங்கர். சின்ன வயதிலிருந்தே தங்கையின் கூட்டத்தோடு சுற்றிச் சுற்றிப் பேசிப் பழகியவன். பேசும்போது அவன் விரலும் முகமும் புருவமும் சேர்ந்து ஓடும். மற்ற எங்களுக்கெல்லாம் 'வா', 'போ', 'சாப்பிட்டாயா' அளவுக்குத்தான் கை வரும். எனக்கு அதுவும் தகராறு. தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டால் பல் வலியா என்று அவள் பரிதாபமாக என்னைப் பார்ப்பாள்.

கல்யாணப் பேச்சு வந்தபோது கோமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அதைச் சங்கர் எங்களுக்குச் சொன்னான். "சொந்தத்துல எத்தன கல்யாணத்துக்குப் போயிருக்கேன். எல்லாரும் சிரிப்பிய. என்னன்னு கேட்டா அப்புறம் சொல்லுதேன்பிய. அந்த அப்புறம் வந்ததே இல்ல. என் கல்யாணத்துலயாவது என்ன நடக்குன்னு அப்பமே எனக்குத் தெரியணும்." சொல்லி முடித்ததும் சங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அழுதுவிட்டாள். சங்கர் மேடையில் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் அவளுக்குச் சொல்வது என்று முடிவாயிற்று.

பேச்சு முடிந்து குவைத்து வேலைக்குத் திரும்பிப் போயிருந்த சங்கருக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு ரத்தாகிவிட்டது. கோமதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான். அக்கா அங்கே என்னிடம் வந்து, "ஏ தம்பி, தேதிய மாத்துவமா?" என்றாள். பாயில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி தலையை நிமிர்த்தினார்.

"தேதிய எதுக்கு மாத்துதிய? குவைத்து என்ன, நம்ம சாப்பாட்டுக் கூடம் மாதிரிதான். கேபிள் கொஞ்சம் நீளம் சாஸ்தி. பயல நான் மேடைக்குக் கொண்டுவாரேன். நீங்க பலகாரத்தப் பாருங்க."

மாடி அறையில்தான் இன்டர்நெட் வந்து இறங்குகிறது. அங்கே ஒரு லேப்டாப்பில் சங்கர். அங்கிருந்து மேடைப் பக்கத்துச் சுவிட்சுக்குச் சுவருக்குள் போகிறது ஒரே ஒரு பழைய கேபிள். கேமராப் படம், வைஃபை, மைக், சங்கர் எல்லாரும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போய்வர வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஆளுயரத் திரையில் சங்கர் தெரிவான். முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை நடந்தது.

"சங்கரு, கேக்குதா?"

"கேக்குது மாமா. அங்கன கேக்குதா?"

"சுத்தமாக் கேக்குது!"

அக்கா வந்து கேட்டாள், கேட்டது. ஓதுவார் ஒரு வரி பாடிப் பார்த்தார், குவைத்தில் கேட்டது. முதலாளிகூட ஒரு தடவை 'ஹலோ' சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார். மண்டபமும் காலி, படமும் தங்குதடையில்லாமல் ஓடியது. அண்ணாச்சி மஞ்சள் கயிற்றை எடுத்துக் காப்புக் கட்டினார். எங்கள் பக்கத்திலேயே நின்ற கோமதி, எல்லாரும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். காது கேட்காத பெண்ணின் கல்யாணத்துக்கு இத்தனை பேர் கூடி 'கேக்குதா, கேக்குதா' என்று சோதனை செய்திருக்கிறோமே என்று எங்கள் ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

விடிந்தது. மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் உட்கார்ந்ததும் வைஃபையைத் தேடினார்கள். கேமராக்கள் ஓட ஆரம்பித்தன, சாப்பாட்டுக் கூடத்து டிவிக்கும் காட்சி போயிற்று. முன் வரிசைகளில் கோமதியின் சிநேகிதர்கள், எல்லாரும் காது கேளாதவர்கள், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கோமதி மணையில் உட்கார்ந்தாள். திரையில் சங்கர் வந்தான். பட்டுச் சட்டை போட்டிருந்தான் பாவம்.

கையால் பேசும்போது வாயாலும் சொல்வது சங்கரின் பழக்கம். "கோமு, இப்பம் புள்ளையாருக்குப் பூசை நடக்கு" என்று அவன் குரல் மண்டபம் முழுக்க மணி மாதிரி கேட்டது. திரையில் அவன் வலது கை காதுக்குப் பக்கத்தில் உயர்ந்தபடி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே தாவாகத் தாவி இடுப்புக்கு வந்தது. மறுபடி நின்றது. "இப்பம் அம்மா பால் ஊத்துதா" என்று குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எவ்வளவு சுத்தமாக் கேக்கு பாத்தியளா!" என்று என் பின்னால் ஒரு பெரியவர் மெச்சிக்கொண்டார். மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது. யாருக்காகச் சொன்னானோ அவளுக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. முன் வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதி திரையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள். என்ன என்று கேட்கிறாள், அது எனக்கே புரிந்தது. அக்கா பழக்க தோஷத்தில் கையைக் காட்டினாள்: அப்புறம்.

கோமதி மணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

கல்யாணப் பெண் நடுச்சடங்கில் எழுந்து நின்றால் எப்படி இருக்கும்? நாயனம் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். மாப்பிள்ளை மட்டும் கலங்கவில்லை, அவரும் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டார். முகூர்த்த நேரமோ ஓடிக்கொண்டிருக்கிறது. நான் விழுந்தடித்து அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, படம் நிக்கி!"

"நிக்கத்தான் செய்யும். வெளியூருலேருந்து வாரது மூணாம் பந்திலா? கேமராக்காரன் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் அதுக்கு எல. சத்தம் எப்படி வே? வெண்ண மாதிரி இல்ல?"

"அண்ணாச்சி, பொண்ணுக்குக் காது கேக்காது."

"அது எனக்குத் தெரியாதா? அதுக்கென்ன இப்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மேடையைப் பார்த்தார். திரையில் பாதியில் நின்ற சங்கரின் கையைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த பெருமை அத்தனையும் வழிந்து போனதை நான் பார்த்தேன், எனக்கே பாவமாக இருந்தது.

"அடச் சவத்த! அந்தப் பய பேச்சு கையிலலா இருக்கு! பேச்சக் கொண்டுபோயி மூணாம் பந்தியில ஒக்காத்தி வச்சிட்டு, சத்தத்துக்குத் தலவாழ எல போட்டுருக்கேனே வே!"

அலமாரிக் கைப்பிடியில் கை வைத்தார். மஞ்சள் கயிறு விரலில் பட்டதும் கை நின்றது. தன் கையால் கட்டிய காப்பைக் கல்யாணம் நடக்கும்போதே அவிழ்த்தவர் இல்லை அவர். ஓடிக்கொண்டிருக்கிற சுவிட்சில் ஒரு தட்டல் பிசகினால் மொத்த மண்டபமும் படுத்துவிடும், அப்புறம் திரையில் சங்கரும் கிடையாது, சத்தமும் கிடையாது. மேடையில் கோமதி நின்றுகொண்டே இருந்தாள். அண்ணாச்சி காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கயிற்றுக்குள் கொடுத்து ஒரே இழுப்பில் அறுத்தார்.

பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பயலே, எந்திரி. மொதப் பந்திக்கு வா" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே தட்டினார். சங்கரின் கை அசைந்தது. அதே நேரத்தில் மைக் டப் டப் என்று வெடிக்க ஆரம்பித்தது. நான் பதறினேன்.

"வெடிக்கத்தான் செய்யும். ஒல்லி ஆளுக ஒக்காருத வரிசையில யானைய ஒக்காத்தியிருக்கேன். ரெண்டு பேரயும் பிரிச்சுப் பைய ஒக்கார வைக்க நேரமில்ல." ஒரு நொடி ஸ்பீக்கர்களைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் எத்தனை கல்யாணத்துக்கு அவை பிசிறில்லாமல் பாடியிருக்கின்றன! "இப்படி வெடிச்சுக்கிட்டுப் பாடுததுக்கு நீ பாடாமலே இரு" என்று சொல்லி, சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டார்.

மண்டபம் ஊமையாகிவிட்டது. "மைக்கு போச்சு! ஏலே, மைக்கு எவம்லே?" என்று நாலா பக்கமும் எழுந்தார்கள். முதலாளி ஓடிவந்தார்.

"வே அண்ணாச்சி! மைக்கு செத்துட்டு வே!"

"சாகல மொதலாளி. நாந்தான் கொஞ்ச நேரம் வெளிய நிக்கச் சொல்லிருக்கேன். நீங்களும் ஒக்காருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேனேஜரே, மைக்கு இல்லன்னா ஓதுவார் பாடுதது பயலுக்குக் கேக்காது. உம்ம போன்ல அவனக் கூப்பிட்டு ஓதுவார் வாய்கிட்டப் பிடியும். ஓடும்!"

ஆக, தாய்மாமனாகிய நான் மருமகள் கல்யாணத்தில் செய்த சீர் இதுதான். ஓதுவாரின் தாடைக்குக் கீழே போனை ஏந்திக்கொண்டு, புகைப்படம் அத்தனையிலும் அவரிடம் பிச்சை கேட்கிறவன் போல விழுந்திருக்கிறேன். மைக் இல்லாத கோபத்தில் ஓதுவார் அடித்தொண்டையிலிருந்து பாடினார், பாடப் பாட அவருக்கே தன் குரல் பிடித்துப்போயிற்று. நாயனக்காரர்களுக்கோ கொண்டாட்டம். மைக் எதற்கு அவர்களுக்கு?

திரையில் சங்கரின் கைகள் தண்ணீர் போல ஓடின. ஒரு சொல்கூட நிற்கவில்லை. கோமதி அதைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், பைய மணையில் உட்கார்ந்தாள்.

சங்கர் எதையும் விடவில்லை. ஸ்பீக்கர் இல்லாத மண்டபத்தில் கிசுகிசுப்பெல்லாம் என் போனுக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. "காலைல போட்ட கேசரியில முந்திரிய எண்ணித்தான் போட்டிருக்காவ" என்று மேடையோரம் நின்ற மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அடுத்த நொடி முன் வரிசைகளில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணையில் கோமதியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தைக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

தாலி கட்டுகிற நேரம். கெட்டி மேளம். சங்கர் அதுவரை மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது தன் பேச்சாக என்னவோ சொன்னான். வாய் அசையவில்லை, கை மட்டும்தான். நீளமாகச் சொன்னான். கோமதியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கூடவே சிரித்தாள். முன் வரிசைகளில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காது கேட்கிற நாங்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழித்தோம். அக்கா தாங்க மாட்டாமல் மகளின் தோளைத் தொட்டு, 'என்ன, என்ன சொன்னான்?' என்று கையை விரித்தாள். கோமதி கையைக் காட்டினாள்: அப்புறம்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் மகளிடம் அப்படித் தோற்று நான் பார்த்ததில்லை.

நான் அண்ணாச்சியிடம் வந்தேன். அறுந்த கயிறு மடியில் கிடக்க, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வே சொன்னான் பய?"

"தெரியல அண்ணாச்சி. அக்காவுக்கே தெரியல."

"சரி, விடும். நமக்கெதுக்கு? கொண்டுபோயிச் சேத்தாச்சு, அது போதும்."

அப்போது முன் வரிசைப் பிள்ளைகள் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார்கள். எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து ஆட்டினார்கள். மணையிலிருந்து கோமதியும் மாப்பிள்ளையும் ஆட்டினார்கள்.

அண்ணாச்சி மிரண்டுவிட்டார். "என்ன வே, எல்லாரும் டாட்டா காட்டுதாவ? என்னப் போகச் சொல்லுதாவளா?"

"கை தட்டுதாவ அண்ணாச்சி. அவுக கை தட்டுதது அப்படித்தான்."

எத்தனையோ பேருக்கு விழுந்த கைதட்டலைச் சிந்தாமல் சிதறாமல் ஸ்பீக்கரில் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அலமாரிப் பக்கம் திரும்பி யாரும் தட்டியது கிடையாது. எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். பிறகு அவரும் இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து, அவர்களைப் பார்த்து ஆட்டினார். பெருமையே இல்லாமல் அவரை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலத்துக்குள் பெருமை திரும்பிவிட்டது. "ஓடுத பந்தியில யாராவது எல மாத்துவானா? நான் மாத்துனேன்" என்று அடுத்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மண்டபம் பேச யார் வந்தாலும், முகூர்த்த நாளைக் கேட்பதற்கு முன்னால் அண்ணாச்சி பாயிலிருந்தபடியே உரக்கக் கேட்பார்: "பொண்ணுக்குக் காது கேக்குமா? மாப்பிளைக்குக் கண்ணு தெரியுமா? வீட்டுல யாருக்கு என்ன கொறன்னு இப்பமே சொல்லிருங்க. பொறவுதான் நான் பந்தி போட முடியும்."

வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? சீர் வரிசை பேசி முடித்து, வெற்றிலை பாக்கோடு வந்திருக்கிற மனிதர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் சிவக்கும். பெண்ணின் அப்பா 'என்ன பேச்சு இது' என்று எழுந்துவிடுவார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார். நான்தான் ஓடிப் போய், காபியை நீட்டி, அவர்களை உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

"கோபப்படாதிய. தப்பா எடுத்துக்கிடாதிய. அவரு எங்க வீட்டு ஆளு" என்பேன்.